அந்தப் பட்டியலை விற்றது நீ இல்லை

மச்சான்,

போன கிழமை உன் மனைவி ஒரு பையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே என் குளிர் அறை ஜாக்கெட். மீன் பெட்டி அடுக்கப் போகிற என் வேலையாட்கள் போடுகிற தடித்த நீல ஜாக்கெட்டில் ஒன்றை நீ இரவல் கேட்டாய். “உன்ர ஐஸ் அறைக்குள்ள நிக்கிறதும் ஜனவரியில லூயிஷாம் பார்க்கில நிக்கிறதும் ஒண்டுதான்” என்றாய். ஏழு பனிக்காலம் அதைப் போட்டாய். உன் மனைவி தோய்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். ஆனாலும் கொலரைத் திருப்பி மூக்கில் வைத்தபோது, முழங்காலுக்கு நீ பூசுகிற தைலத்தின் மணம் அப்படியே இருந்தது.

சாமான் இறக்க வந்த லொறிச் சாரதி கதவடியில் நின்று, “அண்ணை, எந்தப் பக்கம் இறக்கிறது?” என்று இரண்டு தரம் கேட்டானாம். எனக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தரம், “அண்ணை, ஜாக்கெட்டோட என்ன கதை?” என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதக் கேட்டார்கள். நேரமில்லை என்றேன். மற்றவர்கள் எழுதினார்கள். நல்ல தகப்பன், நல்ல அயலவன், தூரத்தில் ஓடி வருகிற கிழவிக்காகவும் பேருந்தை நிறுத்தி வைத்திருக்கிற சாரதி. எல்லாம் உண்மை. ஆனால் காற்பந்து என்ற சொல்லே அந்த மலரில் இல்லை. உன் வாழ்க்கையின் பாதியை விட்டுவிட்டு மலர் போட்டிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். காற்பந்து என்று தொடங்கினால் அந்த மண்டபத்தில் நான் உன்னைக் கேட்ட கேள்வியில்தான் வந்து நிற்கும். யாருக்கும் அதைத் தொட விருப்பமில்லை.

எனக்கும் விருப்பமில்லை. ஆனாலும் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். யாரை எடுப்பது என்று நாம் இருவரும் எழுதி வைத்த அணியின் பட்டியலை நீ விற்கவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு விளங்குவதற்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் லீக்கில் எட்டு அணி, எட்டு முதலாளிகள். ஒருவர் கட்டட ஒப்பந்தக்காரர், ஒருவர் பெற்றோல் நிலையக்காரர், ஒருவர் வழக்கறிஞர். நான் மீனும் மரக்கறியும் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறவன். லண்டனில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிறோம் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. ஆட்டங்கள் கோடையில். கடைசி விசில் ஊதின மறுநாளே அடுத்த வருடத்து வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு அணியும் ஆறு பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களும் புதிதாகப் பெயர் கொடுக்கிறவர்களும் பொதுப் பட்டியலுக்குப் போவார்கள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மண்டபம் எடுத்து, எட்டு மேசை போட்டு, அந்தப் பட்டியலிலிருந்து ஆட்களைப் பிரித்து எடுப்போம். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. பிறகு வரிசையாக ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெயர், எட்டும் முடிந்ததும் திரும்ப முதல் மேசை. டிராப்ட் என்பார்கள் பிள்ளைகள். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம். அதற்குள் சொல்லாவிட்டால் முறை அடுத்த மேசைக்குப் போய்விடும்.

கோடையில் சனம் சப்பறத் திருவிழாவுக்கு வந்ததுபோல் மைதானத்துக்கு வரும். குளிர்காலம் நம் இருவருக்கும்தான். திங்கட்கிழமை உனக்கு ஓய்வு நாள். கடைக்காரர்கள் சாமான் ஏற்றிப் போன பிறகு, பத்து மணி போல என் ஒபிசுக்கு வருவாய். முதல் நாள் ஞாயிறு எந்தப் பார்க்கில் யாரைப் பார்த்தாய் என்று சொல்லத் தொடங்கினால் மூன்று பிளேன்டீ முடியும். எத்தனை கோல் அடித்தான், எவ்வளவு வேகம் என்று நான் கேட்பேன். அதெல்லாம் உனக்குப் பெரிதில்லை. “பந்து காலில இருக்கேக்க எல்லாரும் வடிவாத்தான் இருப்பாங்கள். பறிகுடுத்தாப்பிறகு என்ன செய்யிறான் எண்டு பார்” என்பாய். கையை விரித்துக்கொண்டு நடுவரைப் பார்க்கிறவன், தன் கோலியைத் திட்டுகிறவன், காலணி நாடாவைக் குனிந்து கட்டுகிறவன் எல்லாரையும் நீ பேனையால் வெட்டினாய்.

ஒருமுறை பாரிசில் பெரிய இடத்தில் ஆடியவன் என்று சொல்லி ஒருவனை நான் பிடித்து வந்தேன். அவன் உடற்பயிற்சி செய்ததை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நீ என் காதில், “மச்சான், இவன் லண்டனுக்குக் கலியாண வீட்டுக்கு வந்தவன். விளையாட வரேல்லை” என்றாய். விசாரித்தால் உண்மையாகவே அவன் மச்சாளின் கலியாணத்துக்குத்தான் வந்திருந்தான். நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறக்காமலே மீனின் வயதைச் சொல்கிறவன் நான் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆட்களில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன் என்று அன்றைக்கு விளங்கியது. அதை உனக்குச் சொல்லவில்லை.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு முந்தின கோடையில் நாங்கள் கடைசி. பின்பக்கம் சரியில்லை. “எங்கட பின்பக்கம் கேற் இல்லாத காணி மாதிரிக் கிடக்கு. ஆரும் வரலாம், போகலாம்” என்று நீ சொன்னாய். அதனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு பின்வரிசை ஆளைத்தான் தேடினாய். மார்கழி முடிகிற நேரத்தில் ஒரு திங்கட்கிழமை வந்து, கதிரையில் இருக்காமலே, “கண்டிட்டன்” என்றாய். நிரோசன். லூயிஷாமில் டயர்க் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகக் கீழ்ப் பிரிவில், வலை கட்டாத கோல் கம்பத்துக்கு முன்னால் ஆடுகிறவன். நம் ஊர்க்காரனும் இல்லை, பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவனும் இல்லை, எவருடைய மருமகனும் இல்லை. நீ நான்கு ஞாயிறு தொடர்ந்து போய் மழைக்குள் நின்று பார்த்தாய். பிறகு நீயே விண்ணப்பத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து அவன் பெயரைப் பொதுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஏற்றினாய்.

“முதல் பேர் நிரோசன்” என்றாய்.

“விசரே உனக்கு? அவனை ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாத சாமானுக்கு ஆர் முண்டியடிக்கிறது? முதல்ல கஜனை எடுப்பம். அடுத்த சுற்றில நிரோசன். ரெண்டு பேரும் வருவாங்கள்.”

“இது உன்ர மீன் சந்தை இல்லை மச்சான்.”

“எல்லாம் சந்தைதான்.”

“நல்லவன் எண்டு தெரிஞ்சாப்பிறகு ஏழு மேசை தாண்டி அவனை நிப்பாட்டி வைக்கச் சொல்லுறாய். வேற ஒருத்தன் கண்டால்?”

“ஆர் காணப்போறான்? நீ ஒருத்தன்தான் அந்தச் சேத்துக்குள்ள போய் நிக்கிறனி.”

கஜன் கோல் அடிக்கிறவன். நம் ஊர். அவன் விளையாடினால் ஊர்ச் சங்கமே மேளத்தோடு வரும். சங்கத் தலைவர் அந்த மாதம் எனக்கு எத்தனை தரம் ஃபோன் அடித்தார் என்று உனக்குத் தெரியாது. “எங்கட ஊர்ப் பொடியனை வேற ஆரும் கொண்டு போனால், பிறகு சங்கத்துக்குள்ள நாங்கள் முகம் குடுக்கேலாது கண்டியோ” என்றார். என்னிடம் சாமான் எடுக்கிற கடைக்காரர்களில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர். அவர்களையும் சந்தோசப்படுத்தி, நீ கண்டுபிடித்தவனையும் எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று நான் நினைத்தேன். நினைத்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது. இதுவரைக்கும் பிழைத்தது எல்லாம் அப்படித்தானே, ஒரு பயணத்தில் இரண்டு வேலை.

நீ ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டினாய். பிறகு, “சரி. உன்ர அணி. அப்ப நிரோசன்ர பேரை ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. மனிசிக்கும் சொல்லாதை” என்றாய்.

“அம்மாளாணை” என்றேன் நான்.

டிராப்டுக்கு முதல் வந்த வெள்ளிக்கிழமை, வழமைபோல் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அதை ஒரு விஷயமாகவே அப்போது எண்ணவில்லை.

மண்டபத்தை நீயும் பார்த்தாய். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மைக். என் முறை வந்ததும் கஜனின் பெயரைச் சொன்னேன். பின்னால் இருந்த ஊர்ச் சங்கத்தார் விசிலடித்தார்கள். நீயும் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாய். அடுத்தது விம்பிள்டன் அணி. அதன் முதலாளி, அந்தக் கட்டட ஒப்பந்தக்காரர், எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நாள் பார்த்து வைத்ததைச் சொல்கிறவர்போல, “நிரோசன்” என்றார்.

“ஆரது?” என்று மண்டபம் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பட்டியலின் தாள்களைப் புரட்டுகிற சத்தம். உன் முகத்தில் இரத்தம் இல்லை. அதை நான் குற்றம் என்று வாசித்தேன். என் கையில் மைக் இருந்தது, அதன் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அதை மறந்துவிட்டேன் என்று பிறகு ஆட்களுக்குச் சொன்னேன். உனக்கு உண்மையைச் சொல்லுகிறேன். மறக்கவில்லை.

“எவ்வளவுக்கு வித்தனி?” என்று கேட்டேன்.

எட்டு மேசைக்கும் கேட்டது. உன் கையிலிருந்த பட்டியலை நாலாக மடித்து என் பிளேன்டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாய். ஜாக்கெட்டைப் போட்டாய். பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்து போனாய். வீட்டுக்குக் கொண்டுபோய் விட என் வான் வெளியில்தான் நின்றது.

பிறகு நடந்ததை விறுவிறு என்று சொல்லிவிடுகிறேன். நிரோசன் அந்தக் கோடையில் விம்பிள்டன்காரரின் வாசலைப் பூட்டுப்போட்ட மாதிரி வைத்திருந்தான், கிண்ணம் அவர்களுக்கு. கஜன் மூன்று ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்துவிட்டு, தமையனுக்குக் கலியாணம் என்று ரொறன்ரோவுக்குப் போனான். திரும்பி வரும்போது நாங்கள் மறுபடியும் கடைசி. சங்கத் தலைவர், “என்ன செய்யிறது, விளையாட்டில வெற்றி தோல்வி இருக்குத்தானே” என்றார். அதற்குப் பிறகு அவர் ஃபோன் அடிக்கவில்லை.

உனக்கு நடந்தது அதுவல்ல. ஈஸ்ட்ஹாம் அணிக்கு ஆள் தெரிவு செய்ய உன்னைக் கேட்க இருந்தார்கள் என்று எனக்குக் காதில் விழுந்திருந்தது. அந்தக் கிழமையே விட்டுவிட்டார்கள். “நல்ல மனிசன்தான். எண்டாலும், லிஸ்ட் வெளியில போற கதை இருக்கல்லோ” என்று அவர்களில் ஒருவர் என்னிடமே சொன்னார், நான் தலையாட்டுவேன் என்று. நானும் ஆட்டினேன். கடைகளில், கலியாண வீடுகளில், லிஸ்ட் வித்தவர் என்றால் நீ என்று ஆகிப்போனது. இருபத்தைந்து வருடம் லண்டனில் பேருந்து ஓட்டி ஒருவரிடமும் ஒரு சொல் கேளாதவனுக்கு என் ஒரு கேள்வியால் அந்தப் பெயர் வந்தது.

கார்த்திகையில் ஒருநாள் உன்னைக் கண்டேன். லூயிஷாமில் கடைக்குச் சாமான் போட்டுவிட்டு வரும்போது பார்க்கில் ஒரு ஆட்டம். அந்தப் பக்கக் கோட்டில் நீ தனியாக நின்றாய், அதே நீல ஜாக்கெட். கையில் பேனையும் இல்லை, தாளும் இல்லை. எந்த அணிக்கும் ஆள் தேடவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாய். நான் இந்தப் பக்கம் வானுக்குள் இருந்தேன். கண்ணாடியை இறக்கினேன். நீ என்னைப் பார்த்தாய், பார்த்தது எனக்குத் தெரியும். மைதானத்தின் அகலம்தான் நடுவில். பச்சை விளக்கு வந்ததும் போய்விட்டேன்.

மார்கழியில் நெஞ்சுவலி, பேருந்து டிப்போவில், சீருடையோடு. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னமே முடிந்துவிட்டதாம். செத்தவீட்டுக்கு வந்தேன். பெரிய மலர் வளையமாகப் பார்த்துத்தான் வாங்கி வந்தேன். வியாபாரி அல்லவா.

இனி அந்த முப்பத்தோராம் நாள். மண்டபத்தில் சாப்பாடு. விம்பிள்டன் முதலாளியின் மனைவி கையில் தட்டோடு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. இந்த இடத்தில சொல்லக்கூடாது. எண்டாலும் நினைச்சால் எனக்குச் சிரிப்புத்தான் வருது.”

“என்ன பிள்ளை?”

“போன வருசம் டிராப்டுக்கு முதல் வெள்ளி, கோயிலில உங்களுக்குப் பின்னால நானல்லோ நிண்டனான். ஐயர் உங்கட குடும்பத்துப் பேரெல்லாம் சொல்லி முடிச்சார். பிறகு கஜன் எண்டார். சரி, அது தெரிஞ்ச பேர். பிறகு நிரோசன், உத்தரட்டாதி எண்டார். உங்களுக்கு ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். ஆரப்பா இந்த நிரோசன் எண்டு வீட்ட போய் இவரிட்டக் கேட்டன். இவர் பட்டியலைத் தட்டிப் பார்த்து, கடைசிப் பக்கத்தில பேரைக் கண்டுபிடிச்சு, ஞாயிறு காலமை பார்க்குக்குப் போய் அரை மணித்தியாலம் பார்த்திட்டு நேர மண்டபத்துக்கு வந்தவர். அம்மாள்தான் அண்ணை எங்களுக்குக் காட்டித் தந்தவ!”

பருப்பும் சோறும் என் கையிலேயே காய்ந்தது.

ஆம் மச்சான். நான்தான். மனைவிக்குச் சொல்லவில்லை, சங்கத் தலைவருக்குச் சொல்லவில்லை. அம்மாளாணை என்று உனக்குச் சத்தியம் செய்துவிட்டு அந்த அம்மாளிடமே போய்ச் சொன்னேன். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே என்று நிரோசனின் தாயாருக்கு ஃபோன் அடித்து, கலியாணப் பொருத்தம் பார்க்க என்று ஒரு பொய்யும் சொன்னேன். அந்த மனுசி சந்தோசத்தில் முழுச் சாதகத்தையும் படமெடுத்து அனுப்பிவிட்டது. அர்ச்சனை ரிக்கெட்டின் பின்பக்கத்தில் பெயரும் நட்சத்திரமும் எழுதி ஐயரிடம் நீட்டினேன். ஐயர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், நிறுத்தி, தெளிவாக, எல்லாருக்கும் கேட்க. பின்னால் யார் நிற்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையில் விலை சொல்லும்போது நாலு பக்கமும் பார்க்கிறவன், கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி டிப்போவுக்குத் திருப்பிக் கொடுக்க உன் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தார். “தங்கச்சி, ஒண்டு சொல்லவேணும்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“தெரியும் அண்ணை.”

“உங்களுக்கு எப்பிடி?”

“அவருக்குத் தெரியும். ஆடி மாசம் விம்பிள்டன்காரர் இஞ்ச வந்தவர், தங்கட அணிக்கு ஆள் பாக்கச் சொல்லிக் கேட்டு. அப்ப சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர் கோயில் கதையை.”

“பிறகு ஏன் போகேல்லை அவையின்ர அணிக்கு?”

“‘நான் அந்தப் பக்கம் போனால் வித்தது உண்மையெண்டு ஆயிடும்’ எண்டவர்.”

நான் அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். அவரே சொன்னார்.

“அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோவன் எண்டு நானும் எத்தினை தரம் சொன்னன். ‘என்ன நடந்ததெண்டு அவன் வந்து கேட்டால் சொல்லுவன். கேக்காதவனுக்கு என்னத்தைச் சொல்லுறது’ எண்டவர்.” ஒரு சட்டையின் பொத்தானைப் பூட்டினார். “நீங்கள் கேக்கேல்லை.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். உன்னிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் ஐந்து மாதம் என் முட்டாள்தனத்தை உன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய். ஒரு ஃபோன், அவ்வளவுதான். பார்க்கில் அந்தக் கோட்டைத் தாண்டி வந்து வானின் கதவில் ஒரு தட்டுத் தட்டி, “டேய், நீதான்ரா” என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்திருக்கும், ஒரு கிழமை உன்னோடு கோபித்திருப்பேன், பிறகு திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்திருப்பாய். நீ வரமாட்டேன் என்றாய். நான் கேட்க வேண்டும் என்றாய். இது என்ன ரோசம்? அந்த விம்பிள்டன்காரரும் அப்படித்தான். மண்டபத்திலேயே எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிண்ணத்தோடு வந்த கதை அவருக்குச் சிரிப்பு. ஆனால் உங்கள் இருவரிலும் குற்றம் தேடுகிறேனே, கேள்வியைக் கேட்டவன் நான். பதில் வேண்டாத கேள்வி அது.

இந்த மாசியில் திரும்பவும் டிராப்ட். கடைசியாக வந்ததால் முதல் முறை மறுபடியும் நமக்கு. உன் இடத்தில் இப்போது கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார், கணினி வேலை. எல்லா ஆட்டக்காரரையும் எண்ணாக மாற்றி மடிக்கணினியில் வைத்திருக்கிறார். கெட்டிக்காரர். ஆனால் சேற்றுக்குள் நிற்பதில்லை. லீக் செயலாளர் மணிக்கூட்டை அழுத்தினார். மைக்கை எடுத்து எழும்பினேன்.

“போன வருசம் இந்த மேசையில இருந்து ஒரு கேள்வி கேட்டனான். எல்லாரும் கேட்டனீங்கள்” என்றேன். “அது பிழை. லிஸ்ட்டை அவர் விக்கேல்லை. நிரோசன்ர பேரை வெளியில விட்டது நான்.” கோயில் கதையைச் சொன்னேன். ஐயர் பெயர் வாசித்ததைச் சொன்ன இடத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற கதைதான். அதற்குப் பிறகு நான் சொன்னது சிரிப்புக்குள் போய்விட்டது.

கோயம்புத்தூர்த் தம்பி என் முழங்கையைப் பிடித்து, “சார், டைம் போகுது சார். முதல்ல பேரைச் சொல்லிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று கெஞ்சினார். நான் நிறுத்தவில்லை. ஈஸ்ட்ஹாம் உன்னைக் கேட்காமல் விட்டது, விம்பிள்டனுக்குப் போகமாட்டேன் என்று நீ சொன்னது, எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. மணி அடித்தது. “அடுத்த அணி” என்றார் செயலாளர். அவரும் நல்லவர்தான். சட்டம் சட்டம். முதல் ஆள் போய்விட்டான்.

பிளேன்டீ நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்து கதைத்தார்கள். ஒருவரும் உன்னைப் பற்றிக் கதைக்கவில்லை. “என்ன அண்ணை, முதல் ஆளை இப்பிடி விட்டிட்டியள்?” “சுகமில்லையோ?” “சீனி கூடிப்போச்சோ?” சங்கத் தலைவர் தோளில் கை போட்டு, “போன மனிசனைப் பற்றி இப்ப என்னத்துக்கு? சனம் மறந்திட்டுது” என்றார். விம்பிள்டன்காரர் தட்டிக்கொடுத்தார். எதற்குத் தட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை.

உன் பெயரைக் கெடுக்க எனக்கு நாலு செக்கன் போதுமாயிருந்தது. மண்டபமே வாயை மூடிக்கொண்டு கேட்டது. திருப்பி எடுக்க இரண்டு நிமிடமும் போதவில்லை, கேட்கவும் ஆளில்லை. பெட்டி உடைந்து மீன் ரோட்டில் கொட்டினால் எல்லாரும் நின்று பார்ப்பார்கள், பொறுக்கும்போது ஹோர்ன் அடிப்பார்கள்.

ஆகவே இப்போது சில்லறையாகச் சொல்கிறேன். சாமான் போடப் போகிற கடைகளில் ஒவ்வொருவராக. ஈஸ்ட்ஹாமில் உன்னைக் கேட்க இருந்தவரின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். சிலர், “ஓம் ஓம், கேள்விப்பட்டனான்” என்று முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் கையிலிருக்கிற ஃபோன்தான் பெரிது. பரவாயில்லை, அடுத்த கிழமையும் அந்தக் கடைக்குச் சாமான் போகத்தான் போகிறது, நானும் போகத்தான் போகிறேன். இதுதான் இப்போது என் சுமை மச்சான், என்னோடு வருகிறது, வானுக்குள்ளிருந்து இறக்கி வைக்க முடியாமல்.

நேற்று லூயிஷாமில் ஒரு புதுக்கடை. திறந்து நாலு மாதமாகவில்லை. கடைக்காரர் இளந்தாரி, பேர்மிங்ஹாமிலிருந்து வந்தவர். அந்த மண்டபத்தை அவர் கண்டதே இல்லை, உன்னையும் கண்டதில்லை. நான் லீக்கில் அணி வைத்திருப்பதை அறிந்து காற்பந்துக் கதை எடுத்தார். எனக்கு முன்பு ஆள் தெரிவு செய்து தந்தவர் ஒரு பேருந்துச் சாரதி என்று சொன்னேன்.

“ஆர் அண்ணை, அந்த லிஸ்ட் வித்த ட்ரைவரோ?” என்றார், சாதாரணமாக, என்ன விலை என்று கேட்கிறவர்போல.

கத்தரிக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

“அவர் விக்கேல்லைத் தம்பி. அந்தக் கதையைக் கிளப்பினது நான். ஒரு கதிரை எடுத்துப் போடுங்கோ, முதல்ல இருந்து சொல்லுறன்.”